கம்பெனி பதிவுக்கு அவசரம் வேண்டாம்

வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் செய்யலாமா என்று யோசிக்கத் தொடங்கிய வாரத்திலேயே கைப்பேசிக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிடுகிறது. 'ஏழே நாளில் பிரைவேட் லிமிடெட், எல்லாம் ஆன்லைன்' என்று விளம்பரங்கள் வரிசை கட்டுகின்றன. போதாக்குறைக்கு மாமா ஒருவர், "சும்மா ஒரு கம்பெனி ரிஜிஸ்டர் பண்ணி வெச்சுக்கோ மாப்ள, நாளைக்கு ஒரு மதிப்பா இருக்கும்" என்பார்.

அந்த மதிப்புக்கு ஆண்டுதோறும் என்ன செலவாகும் என்பதை விளம்பரமும் சொல்லாது, மாமாவும் சொல்லமாட்டார். கம்பெனியைத் தொடங்குவது எளிது, நடத்துவது சற்றுக் கடினம், மூடுவதுதான் பெரும்பாடு. எந்த ஆடிட்டரைக் கேட்டாலும் இதைச் சொல்வார், நீங்கள் கேட்டால்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு ஒற்றை ஆளாக உழைத்துச் சம்பாதிக்கும் ஒருவருக்கு, அவர் வெப்சைட் செய்பவரோ, கட்டட வடிவமைப்பாளரோ, படத்தொகுப்பாளரோ, தொழில்நுட்ப ஆலோசகரோ, தொடக்கத்தில் தனிநபர் தொழில் என்ற எளிய வடிவமே போதும். அதைவிட்டு நகர வேண்டுமானால் வலுவான காரணம் ஒன்று கையில் இருக்க வேண்டும். கூட்டாளி, முதலீட்டாளர், பெரிய ஆபத்து, பெரிய கிளையண்ட்: பெரும்பாலும் காரணம் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். (வழக்கறிஞர்களும் பட்டயக் கணக்காளர்களும் இந்தக் கட்டுரையை ஓரமாக வைத்துவிடலாம். அவர்கள் எந்த வடிவில் தொழில் செய்யலாம் என்பதை அவரவர் மன்ற விதிகளே தீர்மானிக்கின்றன.)

நீங்கள் ஏற்கெனவே புரொப்ரைட்டர்

முதல் பில்லை அனுப்பிப் பணம் வாங்கிய அன்றே நீங்கள் புரொப்ரைட்டர் ஆகிவிட்டீர்கள். இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது, பதிவாளர் கிடையாது. உங்கள் பான் எண்தான் தொழிலின் பான் எண். தொழிலின் லாபம் உங்கள் வருமானம், தொழிலின் கடன் உங்கள் கடன். விரும்பினால் ஒரு பெயரை வைத்துக்கொண்டு லெட்டர்ஹெட் அடிக்கலாம். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அந்தப் பெயர் ஒரு போர்டு மட்டுமே. பணம் தராத கிளையண்ட் மீது வழக்குப் போடும்போது 'இன்னார், இந்தப் பெயரில் தொழில் செய்பவர்' என்று உங்கள் பெயரில்தான் போட முடியும். ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். போர்டுப் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு நீதிமன்றத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

சான்றிதழ் இல்லை என்பதால் சிக்கல் முளைப்பது வங்கியில். தொழில் பெயரில் கரண்ட் அக்கவுண்ட் திறக்கப் போனால், அந்தப் பெயரில் தொழில் நடக்கிறது என்பதற்கு இரண்டு ஆவணங்கள் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதி அது. இரண்டு கொடுக்க வழியில்லை என்று வங்கிக்குத் திருப்தி ஏற்பட்டால் ஒன்றையே ஏற்கவும் அதே விதியில் இடமுண்டு. கிளை மேலாளருக்கு இது நினைவில்லாமல் இருக்கலாம், பணிவாக நினைவூட்டுங்கள். ஒற்றை ஆளுக்கு எளிதில் கிடைக்கும் ஆவணம் உத்யம் சான்றிதழ். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அது இரண்டாவது.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான இந்த உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆதாரும் பானும் இருந்தால் வீட்டிலிருந்தே செய்துகொள்ளலாம். கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. தேடுபொறியில் மேலே வந்து நின்று பணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசுடையது அல்ல. 2025 ஏப்ரல் முதல், முதலீடு 2.5 கோடிக்குள்ளும் விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் அது குறு நிறுவனம். அதாவது நீங்களும் நானும் எப்போதும் இந்த வரம்புக்குள்தான்.

இந்தச் சான்றிதழின் உண்மையான பயன் வங்கிக்கு வெளியே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டத்தின்படி, குறு மற்றும் சிறு நிறுவனங்களிடம் சேவை வாங்கியவர் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. இதற்குமேல் வருமான வரிச் சட்டம் ஒரு பிடியைப் போட்டிருக்கிறது. இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் ஆண்டு வரும்வரை உங்கள் கிளையண்ட் தன் செலவுக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் அந்தக் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு, இந்த விதியைக் குறிப்பிட்டுக் கனிவாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். மூன்று முறை ஃபோன் செய்தும் வராத பணம் இதற்கு வருவதுண்டு. ஒரே எச்சரிக்கை: வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். தகராறு வந்தபிறகு ஓடிப்போய் எடுக்கும் சான்றிதழ் பழைய பில்லுக்கு உதவும் என்று நம்பியிருக்க முடியாது.

தொழில் வரி என்று ஒன்று இருப்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி எதுவானாலும் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கும். சம்பளக்காரருக்குக் கம்பெனி பிடித்துக் கட்டிவிடுகிறது, சுயதொழில் செய்பவர் தானே போய்க் கட்ட வேண்டும். அரசியல் சட்டமே ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருப்பதால் பயப்பட ஒன்றுமில்லை.

வரியில்தான் வித்தியாசம் தெரியும்

தனிநபர் தொழிலை நான் இவ்வளவு பிடிவாதமாகச் சிபாரிசு செய்வதற்கு முக்கியக் காரணம் வருமான வரியில் இருக்கிறது. 44ஏடிஏ என்ற பெயரில் எல்லோரும் அறிந்த ஏற்பாடு அது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண் மாறுகிறது, ஏற்பாடு தொடர்கிறது. குறிப்பிட்ட சில தொழில்முறையாளர்கள் தங்கள் மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டிவிட்டுப் போகலாம். கணக்குப் புத்தகம் வைக்கும் கட்டாயம் இல்லை, தணிக்கை இல்லை. மொத்த வரவு 50 லட்சம் வரை இது பொருந்தும். ரொக்கமாக வந்தது 5 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால் 75 லட்சம் வரை. முன்கூட்டி வரியையும் நான்கு தவணையாகக் கட்டாமல் மார்ச் 15க்குள் ஒரே தடவையில் கட்டினால் போதும்.

ரூபாய்க் கணக்கில் பார்க்கலாம். கோயம்புத்தூரில் மென்பொருள் எழுதித் தரும் ஒருவருக்கு ஆண்டு வரவு 24 லட்சம், எல்லாம் வங்கி வழியாக. உண்மையான செலவு 6 லட்சம் என்று வையுங்கள். 44ஏடிஏயில் அவர் காட்டும் வருமானம் 12 லட்சம். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்குத் தள்ளுபடி இருப்பதால் அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். இதே ஆள் பிரைவேட் லிமிடெட் வைத்திருந்தால் இந்த வசதி கிடையாது. தனக்கு 12.75 லட்சம் சம்பளம் போட்டுக்கொண்டு, அதில் 75,000 ரூபாய் நிலையான கழிவும் போக வரியில்லாமல் தப்பிக்கலாம். மிச்சமுள்ள 5.25 லட்சம் லாபத்துக்குக் கம்பெனி 25.168 சதவீதம், அதாவது ஏறத்தாழ 1.32 லட்சம் கட்டும். அதன்பிறகும் அந்தப் பணம் கம்பெனியின் பணம்தான். டிவிடெண்டாக வெளியே எடுத்தால் அவர் கையில் மறுபடி வரி. ஆடிட்டர் கட்டணம் தனி.

இதில் ஒரு நெருடல் உண்டு. பாதி, அல்லது அதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்ததாகக் காட்டும் தொகை என்று சட்டம் சொல்கிறது. உண்மை லாபம் முக்கால்வாசியாக இருக்கும்போது பாதியோடு நிறுத்தலாமா என்பதில் ஆடிட்டர்களிடையே இரண்டு கட்சி இருக்கிறது. உங்கள் ஆடிட்டரிடம் பேசிவிட்டு, உங்களுக்கு இரவில் தூக்கம் வருகிற எண்ணைக் காட்டுங்கள்.

யார் அந்தக் குறிப்பிட்ட தொழில்முறையாளர்கள்? சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள்ளலங்காரம் ஆகியவற்றோடு தகவல் தொழில்நுட்பமும் கம்பெனி செயலர்களும் உண்டு. திரைக் கலைஞர்கள் என்ற தலைப்பில் கோடம்பாக்கத்தின் பாதிப் பேர் வந்துவிடுகிறார்கள்: நடிகர், ஒளிப்பதிவாளர், இயக்குநர், இசையமைப்பாளர், எடிட்டர், பாடகர், பாடலாசிரியர், கதை, திரைக்கதை, வசனம் எழுதுபவர், உடை வடிவமைப்பவர். மொழிபெயர்ப்பாளர், கிராஃபிக் டிசைனர், யூடியூபர் போன்றோர் இந்தப் பட்டியலில் நேரடியாக இல்லை. அவர்களுக்கு 44ஏடி என்ற வணிகர்களுக்கான ஏற்பாடு பொருந்துமா என்பதை வேலையின் தன்மையைப் பார்த்து ஆடிட்டர்தான் சொல்ல வேண்டும்.

இந்த ஏற்பாடு இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கும் சாதாரணப் பார்ட்னர்ஷிப்புக்கும் உண்டு. எல்எல்பி எனும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைக்கும் கம்பெனிக்கும் இல்லை. எல்எல்பி தொடங்கச் சொல்லும் விளம்பரங்கள் விழுங்கிவிடும் வரி இதுதான்.

'லிமிடெட்' எதைக் காப்பாற்றும்?

தனிநபர் தொழிலுக்கு எதிரான பெரிய வாதம், நஷ்டம் வந்தால் வீடு போய்விடும் என்பது. வாதம் சரி. புரொப்ரைட்டருக்கும் அவர் சொத்துக்கும் நடுவில் சுவர் இல்லை. கம்பெனி என்றால் சுவர் உண்டு. 1890களில் லண்டனில் ஆரன் சாலமன் என்ற பூட்ஸ் உற்பத்தியாளர் தன் தொழிலை மனைவி மக்களைப் பங்குதாரர்களாகப் போட்ட கம்பெனியாக மாற்றினார். கம்பெனி நொடித்தது. கடன் கொடுத்தவர்கள் சாலமனின் சட்டையைப் பிடித்தார்கள். கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. இன்றுவரை இந்தியக் கம்பெனிச் சட்டமும் நிற்பது அந்த அடித்தளத்தில்தான்.

ஆனால் சாலமன் கதையை வங்கி மேலாளரும் படித்திருக்கிறார். சின்னக் கம்பெனிக்குக் கடன் கொடுக்கும்போது இயக்குநரிடம் சொந்த ஜாமீன் எழுதி வாங்கிக்கொள்வார். வாங்கியபிறகு சுவர் எங்கே? கம்பெனி திவால் நடவடிக்கையில் தீர்வு கண்டுவிட்டாலும் ஜாமீன் கொடுத்தவர் பொறுப்பு தானாக முடிந்துவிடாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்தது, உங்கள் கையால் நேர்ந்த கவனக்குறைவு. தவறான வரைபடத்தால் ஒருவருக்கு நஷ்டம் ஏற்பட்டால், வரைந்த ஆளையே நேராக வழக்கில் இழுக்கக் கம்பெனி என்ற பெயர் தடையாக இருக்காது.

அப்படியானால் ஒற்றை ஆள் எதை நம்பி வேலை செய்வது? ஒப்பந்தத்தை நம்பி. எந்த இழப்பானாலும் என் பொறுப்பு இந்த வேலைக்காக நான் வாங்கிய கட்டணத்தைத் தாண்டாது என்று ஒரு பிரிவை எழுதிச் சேருங்கள். பெரிய தொகை புழங்கும் வேலையானால் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு எடுங்கள். கடன் வாங்கிப் பொருள் வாங்கி விற்காத, அலுவலகம் வாடகைக்கு எடுக்காத, ஆள் வைக்காத ஒருவருக்கு இந்த இரண்டும் சேர்ந்து பெரும்பாலான ஆபத்தைக் கவனித்துக்கொள்ளும். ஆள் வைக்கத் தொடங்கினாலோ, கிளையண்டின் பணத்தையோ வாடிக்கையாளர் தகவலையோ கையாளத் தொடங்கினாலோ கணக்கு மாறுகிறது. அப்போது சுவர் வேண்டும்.

நண்பனோடு சேரும்போது

பெரிய தப்புகள் நடப்பது இங்கேதான், அதுவும் யாரும் தப்பு செய்ய நினைக்காமலே. கல்லூரித் தோழர்கள் இருவர். ஒருவர் டிசைன், மற்றவர் கோடிங். "வர்றத ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம்டா" என்று டீக்கடையில் பேசி முடித்துவிடுகிறார்கள். காகிதம் ஏதும் இல்லாததால் எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று நினைக்கிறார்கள். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் வேறுவிதமாகப் பார்க்கும். சேர்ந்து தொழில் நடத்தி, லாபத்தைப் பங்கிட்டு, ஒருவர் செயல் மற்றவரையும் கட்டுப்படுத்துகிறது என்றால் அது பார்ட்னர்ஷிப். வாய்ப்பேச்சே போதும்.

வேறு ஒப்பந்தம் இல்லாதபோது அந்தச் சட்டமே சில விடைகளை வைத்திருக்கிறது. லாபமும் நஷ்டமும் சரிபாதி. கூட்டாளிக்குச் சம்பளம் கிடையாது. இரவெல்லாம் கண்விழித்து முடித்தவருக்கும் ஒருமாதம் ஊருக்குப் போய் வந்தவருக்கும் ஒரே பங்கு. வெளியாருக்குக் கொடுக்க வேண்டியதில் ஒவ்வொருவரும் சேர்ந்தும் தனித்தும் முழுப் பொறுப்பு. தோழன் தொழில் பெயரில் வாங்கிய கடனுக்கு அவன் ஓடிப்போனால் நீங்கள் மொத்தத்தையும் கட்ட வேண்டும், உங்கள் பாதியோடு முடியாது. ஒருவர் இறந்தால், வேறு ஏற்பாடு எழுதியிருக்காவிட்டால், கூட்டாண்மை அன்றோடு கலைகிறது.

ஆகவே பார்ட்னர்ஷிப் டீட் எழுதுங்கள். பங்கு எவ்வளவு, யாருக்கு என்ன சம்பளம், எவ்வளவு தொகைக்கு மேல் இருவர் கையெழுத்தும் வேண்டும், ஒருவர் விலகினால் கிளையண்டுகள் யாருக்கு, செய்த வேலையின் காப்புரிமை யாருக்கு. கடைசி இரண்டையும் சம்பிரதாய டீட் மாதிரிகளில் தேடினால் கிடைக்காது. அவை அரிசி மண்டிக்கும் ஜவுளிக் கடைக்கும் எழுதப்பட்டவை. பிறகு பதிவு. கட்டாயமில்லை என்று சட்டம் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். பதிவாகாத கூட்டாண்மை தன் ஒப்பந்த உரிமைக்காக வெளியார் மீது வழக்குப் போட முடியாது, கூட்டாளியும் கூட்டாளி மீது போட முடியாது. உங்கள் மேல் மட்டும் மற்றவர் போடலாம். தமிழ்நாட்டில் இதைப் பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளர் செய்கிறார். பத்திரப்பதிவுக்குப் பயன்படும் அதே துறை.

வரியிலும் ஒரு அதிர்ச்சி உண்டு. தனிநபருக்கு முதல் 4 லட்சத்துக்கு வரியில்லை என்பதுபோல் கூட்டாண்மைக்கு எந்த விலக்கும் கிடையாது. முதல் ரூபாயிலிருந்து 30 சதவீதம், செஸ் தனி. தப்பிக்கும் வழி கூட்டாளிகளின் சம்பளம். டீடில் எழுதியிருந்தால், லாபத்தின் முதல் 6 லட்சத்தில் 90 சதவீதம் அல்லது 3 லட்சம் இவற்றில் எது அதிகமோ அதுவும், மிச்சத்தில் 60 சதவீதமும் வரை கழித்துக்கொள்ளலாம். 2025 ஏப்ரல் முதல் அந்தச் சம்பளம் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனமே 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். இதெல்லாம் இருவருக்கும் தேவையா என்று யோசியுங்கள். என்னைக் கேட்டால், முதல் ஆண்டு இரண்டு பேரும் தனித்தனிப் புரொப்ரைட்டராக இருந்து, வேலைக்கு வேலை ஒருவர் மற்றவருக்குப் பில் போட்டுப் பாருங்கள் என்பேன். ஒத்துப்போகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

எல்எல்பி, ஓபிசி, பிரைவேட் லிமிடெட்

கூட்டாளியும் வேண்டும், அவர் கடனுக்கு என் வீடு போகவும் கூடாது என்றால் எல்எல்பி. 2008ஆம் ஆண்டுச் சட்டம். குறைந்தது இருவர் வேண்டும், ஒருவராவது இந்தியாவில் வசிக்க வேண்டும். விற்றுமுதல் 40 லட்சத்தையோ கூட்டாளிகள் போட்ட பணம் 25 லட்சத்தையோ தாண்டாதவரை அந்தச் சட்டப்படியான தணிக்கை வேண்டாம். ஆனால் ஆண்டுதோறும் மே 30க்குள் படிவம் 11, அக்டோபர் 30க்குள் படிவம் 8, பிறகு வருமான வரி. ஒரு ரூபாய் வரவில்லை என்றாலும் இவை உண்டு. மனைவியையோ அப்பாவையோ பெயருக்கு இரண்டாவது ஆளாகப் போட்டு எல்எல்பி தொடங்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நான் பரிந்துரைக்கமாட்டேன். கையெழுத்துப் போடுகிறவருக்கும் சட்டப் பொறுப்பு வருகிறது என்பதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குகிறவர்கள் குறைவு.

ஒற்றை ஆளுக்கே கம்பெனி என்பது ஓபிசி. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் கொண்டுவந்தது. ஒரே பங்குதாரர், அவர் இறந்தால் உரிமை பெற ஒரு நாமினி. ஒருவர் ஒரு ஓபிசிதான் தொடங்கலாம். முன்பு மூலதனம் 50 லட்சத்தையோ விற்றுமுதல் 2 கோடியையோ தாண்டினால் கட்டாயம் பிரைவேட் லிமிடெட்டாக மாற வேண்டியிருந்தது. 2021 ஏப்ரல் முதல் அந்தக் கட்டாயம் இல்லை. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கும் அப்போதுதான் கதவு திறந்தது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வரவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் தணிக்கை கட்டாயம், ஆண்டுப் படிவங்கள் கட்டாயம். முதலீட்டாளருக்கோ இதில் இடமே இல்லை, ஏனென்றால் பங்குதாரர் ஒருவர்தான். கம்பெனியின் சுமையில் பெரும்பகுதி இருக்கிறது, கம்பெனியின் முக்கியமான பயன் இல்லை. தனியாகவே இருந்து, ஆபத்தான வேலை செய்பவருக்கு மட்டும் இது பொருத்தம் என்பது என் எண்ணம்.

பிரைவேட் லிமிடெட்டுக்கு இரண்டு பங்குதாரர், இரண்டு இயக்குநர். குறைந்தபட்ச மூலதனம் என்ற நிபந்தனை 2015இல் நீங்கியது. அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 15 லட்சம் வரை மத்திய அரசின் பதிவுக் கட்டணமும் இல்லை. விளம்பரங்களின் மலிவு விலை ரகசியம் இதுதான். பதிவு முடிந்தபிறகு வருவதைக் கேளுங்கள். 30 நாளில் ஆடிட்டர் நியமனம். 180 நாளுக்குள், பங்குப் பணம் வந்துவிட்டது, தொழில் தொடங்குகிறோம் என்ற அறிவிப்பு. இயக்குநர் கூட்டங்கள், அவற்றின் குறிப்புகள், ஆண்டுப் பொதுக்கூட்டம், தணிக்கை, ஏஓசி-4, எம்ஜிடி-7ஏ. கடைசி இரண்டு படிவங்களுக்கும் தாமதக் கட்டணம் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். ஓராண்டு மறந்துவிட்டால் இரண்டுக்குமாக 73,000. வேலையே வராத ஆண்டிலும் இதே கணக்குதான், யானையைக் கட்டித் தீனி போடுவதுபோல. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்களுக்கு ஐந்தாண்டுத் தகுதியிழப்பு. 2017இல் நாடு முழுவதும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் ஒரே வீச்சில் இப்படித் தகுதி இழந்தார்கள். மூட வேண்டும் என்றால் எஸ்டிகே-2 என்ற விண்ணப்பம். அரசுக் கட்டணமே 10,000 ரூபாய், அதற்குமுன் நிலுவைப் படிவங்களையும் முடித்தாக வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, பிரைவேட் லிமிடெட்தான் சரி என்ற சூழ்நிலைகள் இருக்கின்றன. வெளியார் முதலீடு வரப்போகிறது என்றால் இரண்டாவது யோசனையே வேண்டாம், பங்கு கொடுக்க இதுவே வழி. நீங்கள் சேரவேண்டிய பெரிய நிறுவனம் தனிநபரை வெண்டராகச் சேர்ப்பதில்லை என்று எழுத்தில் சொன்னால், அந்த ஆர்டரின் மதிப்பையும் ஆண்டுச் செலவையும் ஒப்பிட்டு முடிவெடுங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். பல நிறுவனங்களுக்கு ஜிஎஸ்டி எண்ணும் கரண்ட் அக்கவுண்டும் இருந்தாலே போதும். உங்கள் வருமானம் 24 லட்சத்தைத் தாண்டி, மேலே வருவதற்கெல்லாம் 30 சதவீதம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் தொழிலிலேயே திரும்பப் போடப் போகிறீர்கள் என்றால், கம்பெனியின் 25.168 சதவீதம் லாபம்தான். அந்தப் பணத்தில் கார் வாங்குவதாக இருந்தால் லாபமில்லை.

கம்பெனி பதிவானால் பெயர் நமக்கே சொந்தம் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். பிராண்ட் பெயரைக் காப்பது டிரேட்மார்க். தனிநபருக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். புரொப்ரைட்டராகவே விண்ணப்பிக்கலாம்.

ஜிஎஸ்டி வேறு, வடிவம் வேறு

"ஜிஎஸ்டி எடுத்தாச்சு, இனி நான் கம்பெனி" என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். ஜிஎஸ்டி எல்லா வடிவத்துக்கும் பொது. சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு. அதற்குள் இருந்தால் பெங்களூரு கிளையண்டுக்கு வேலை செய்தாலும் கட்டாயமில்லை. ஆனால் 20 லட்சத்தைக் கணக்கிடும்போது உங்கள் பான் எண்ணில் வரும் வெளிநாட்டு வரவும், குடியிருப்பு வீட்டு வாடகை போன்ற விலக்குப் பெற்ற வரவும் சேரும். மேலே சொன்ன கோவைக்காரருக்கு வருமான வரி இல்லை, ஜிஎஸ்டி பதிவு மட்டும் கட்டாயம்.

வெளிநாட்டுக் கிளையண்டுகள் மட்டுமே என்றால் ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம். ஒவ்வொரு நிதியாண்டுத் தொடக்கத்திலும் எல்யூடி என்ற உறுதிமொழியை ஆன்லைனில் தாக்கல் செய்துவிட்டு வரியில்லாமல் பில் போடலாம். புதுப்பிக்க மறப்பவர்கள் ஏராளம். ஏப்ரல் முதல் வாரத்துக்குக் கைப்பேசியில் நினைவூட்டல் வையுங்கள். பதிவு எடுத்தபின் வேலை இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் உண்டு என்பதால், உள்ளூர்ச் சின்னக் கிளையண்டுகளை மட்டும் வைத்திருப்பவர் வரம்புக்கு முன்பே தானாகப் போய் எடுக்க வேண்டாம். 18 சதவீதம் கூடுதலாகக் கேட்டால் அவர்கள் முகம் சுளிப்பார்கள், திரும்பப் பெறவும் பலருக்கு வழியில்லை.

பின்னால் மாறுவது

இன்று புரொப்ரைட்டராகத் தொடங்குவதால் நாளைய கதவு அடைபடுவதில்லை. தொழிலின் சொத்து, கடன் எல்லாவற்றையும் கம்பெனிக்கு மாற்றி, ஈடாகப் பங்குகளை மட்டும் பெற்று, குறைந்தது 50 சதவீத வாக்குரிமையை ஐந்தாண்டு கையில் வைத்திருந்தால் அந்த மாற்றத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. உங்கள் ஒப்பந்தங்களில் 'இந்த ஒப்பந்தத்தை என் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனத்துக்கு மாற்ற எனக்கு உரிமை உண்டு' என்ற ஒரு வரியை இன்றே சேர்த்துவிட்டால் அன்று ஒவ்வொரு கிளையண்டிடமும் போய்க் கையெழுத்துக் கேட்க வேண்டியதில்லை.

மாற்றத்தை ஏப்ரல் 1இல் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்குப் பான் எண் புதிது, ஆகவே ஜிஎஸ்டி எண்ணும் வங்கிக் கணக்கும் புதிது. உத்யம் பதிவையும் புதிதாக எடுக்க வேண்டும். ஆண்டின் நடுவில் மாறினால் பாதி டிடிஎஸ் உங்கள் பானிலும் பாதி கம்பெனி பானிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய ஜிஎஸ்டி எண்ணில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரியை ஐடிசி-02 படிவம் வழியாகப் புதியதற்கு மாற்றிய பிறகே பழைய பதிவை ரத்து செய்யக் கேளுங்கள். பழைய கரண்ட் அக்கவுண்டை மட்டும் இன்னும் சில மாதம் மூடாதீர்கள். எத்தனை முறை மின்னஞ்சல் போட்டாலும் பழைய எண்ணுக்கே பணம் அனுப்பும் கிளையண்ட் ஒருவராவது இருப்பார்.